காட்டிக் கொடுத்தவனா? காத்து நின்றவனா?

ஊர் உறங்கத் தொடங்கிய வேளையில் என் வீட்டுக் கதவைத் தட்டினான் நண்பன். கல்லூரியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்றவன். இன்று ஒரு தனியார் மருத்துவமனையில், கணக்குப் பிரிவிலே பணி. வந்தவன் முகத்திலே களைப்பு இல்லை, கலக்கம் இருந்தது.

"செய்யாத சோதனைக்குப் பட்டியல் எழுதுகிறோம். மூன்று நாள் படுத்திருந்தவர் கணக்கிலே ஏழு நாள் ஏறுகிறது. காப்பீட்டுப் பணம் வந்து குவிகிறது. திட்டம் தீட்டுவது வேறு தலை. எழுதும் கை என் கை. நான் என்ன செய்யட்டும்?" என்றான்.

"உண்மையைச் சொல்லிவிடு!" என்றேன், ஆசிரியனுக்கே உரிய அவசரத்தோடு.

"யாரிடம்?" என்றான்.

ஒரே சொல்! அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் விடை இல்லை. பட்டம் இருந்தது, படித்த ஏடுகள் இருந்தன, மேடையிலே முழங்கிய பழக்கமும் இருந்தது. விடை மட்டும் இல்லை! விடைபெறும்போது அவன் சொன்னான்: "அம்மாவிடம் சொன்னேன். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நீ படித்ததில்லையா? சோறு போடும் இடத்தைக் காட்டிக் கொடுக்காதே அப்பா' என்று அழுதாள்."

தோழர்களே! அன்றிரவு தொடங்கி அந்தத் தாயின் அறிவுரையையும் அந்த மகனின் வினாவையும் மாறி மாறி எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை இங்கே எடுத்து வைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். காட்டிக் கொடுத்தல்! ஆங்கிலம் பேசுவோர் ஊழலை வெளியிடும் உள்ளாளை 'விசில் ஊதுபவர்' என்கிறார்கள். ஆட்டத்திலே தவறு நடந்தால் நடுவர் விசில் ஊதுகிறாரே, அந்த விசில். நாமோ அவனை எட்டப்பன் என்கிறோம். எட்டப்பன் யார்? எளியோனை வலியோனிடம் பிடித்துக் கொடுத்தவன் என்று மக்கள் நாவிலே நிலைத்துவிட்ட பெயர். மருத்துவமனையின் பொய்க் கணக்கை வெளியிடுபவன் செய்வது என்ன? வலியோனை எளியோருக்கு அடையாளம் காட்டுகிறான்! ஒன்று பள்ளத்தில் கிடப்பவன் தலையிலே கல்லைப் போடுவது. மற்றொன்று பள்ளத்தில் கிடப்பவனுக்குக் கயிற்றை வீசுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டினோமே, இது மொழியின் குறையா, நம் மூளையின் குறையா?

அடுத்து, உப்பு. உப்பிட்டவரை நினைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் உப்பிட்டவர் யார்? மருத்துவமனை முதலாளி தன் வீட்டு உப்பையா கொட்டுகிறார்? தாலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டினாளே ஒரு தாய், அவள் உப்பு! வெயிலிலே நின்று வரி கட்டினானே ஒரு பாட்டாளி, அவன் உப்பு! கூலியாகக் கைக்கு வரும் உப்பு முதலாளியின் மேசையைக் கடந்து வருகிறது. முதலாளியின் வியர்வையிலே விளைந்து வருவதன்று. நன்றிக்கடன் உண்டென்றால், அது நோயாளிக்கு உண்டு. அவனை ஏய்த்துவிட்டு முதலாளிக்குக் காட்டும் நன்றிக்கு விசுவாசம் என்று பெயரிடுவது, விலங்குக்கு வளையல் என்று பெயரிடுவது போன்றது.

எங்கோ ஒரு மருத்துவமனையில் நடக்கும் அழுக்கு என்று யாரும் அமைதி கொள்ள வேண்டாம். 'ஆயுஷ்மான் பாரத்' காப்பீட்டுத் திட்டத்தை ஆராய்ந்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023ஆம் ஆண்டு அறிக்கையிலே ஒன்றைச் சுட்டிக்காட்டினார். முன்னரே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சை அளித்ததாகக் கணக்கெழுதி, 6 கோடியே 97 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டிருந்தது! மாண்டவர் மீண்டார் என்று கதை சொன்னால் நாம் நகைக்கிறோம். மாண்டவருக்கு மருத்துவம் பார்த்தோம் என்று பட்டியல் நீட்டினால் பணம் தருகிறோம்! தணிக்கையாளர் ஏட்டைப் புரட்டி ஆண்டுகள் கழித்துக் கண்டதை, அந்தப் பட்டியலை எழுதிய கை அன்றே அறிந்திருக்கும் அல்லவா? ஏன் பேசவில்லை அந்தக் கைக்குரிய வாய்? 'யாரிடம்?' என்ற வினாவிலே விக்கி நின்றிருக்கும்!

அந்த வினாவுக்கு விடை கண்ட ஒருவரின் வரலாறு இதோ.

தினேஷ் தாக்கூர் என்பார் பொறியாளர். அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பின், 2003இல் இந்தியா திரும்பி, நாட்டின் மிகப்பெரிய மருந்து நிறுவனங்களுள் ஒன்றாக அன்று விளங்கிய ரான்பாக்சியில் சேர்ந்தார். 2004இல் அவருடைய மேலதிகாரி அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்: நாடு நாடாக நாம் அனுப்பும் மருந்துகளுக்குச் சமர்ப்பித்த சோதனைக் கணக்குகள் மெய்தானா என்று பார்த்து வாரும் என்றார். பார்த்தார் தாக்கூர். பார்த்த இடமெல்லாம் பொய்!

மருந்தின் மேல் 'இந்த நாள் வரை பயன்படுத்தலாம்' என்று அச்சிடுகிறார்களே, அந்த நாளை எப்படி அறிகிறார்கள்? மருந்தின் மாதிரியைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று இடைவெளி விட்டுச் சோதித்து, வீரியம் குறையவில்லை என்று கண்ட பிறகே அந்த நாளை அச்சிட வேண்டும். அந்நிறுவனம் பின்னாளில் ஒப்புக்கொண்டது என்ன தெரியுமா? மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்யவேண்டிய சோதனைகளுள் சிலவற்றை ஒரே நாளில், அல்லது ஓரிரு நாள் இடைவெளியில், செய்து முடித்தார்கள்! சோதனைக்குக் காத்திருந்த மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியிலே வைத்திருந்தார்கள்! நான் ஆசிரியன், என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, முழு ஆண்டுத் தேர்வு மூன்றையும் ஒரே பகலில் நடத்தி, மூன்று பருவ மதிப்பெண்களையும் ஏட்டிலே ஏற்றினால் என்னைப் பள்ளியில் வைத்திருப்பார்களா? மதிப்பெண்ணில் பொய் சொன்னால் ஒரு மாணவனின் ஆண்டு கெடும். மருந்தில் பொய் சொன்னால் ஒரு மனிதனின் ஆயுள் கெடும்!

கண்டறிந்த உண்மை இயக்குநர் குழு வரை சென்றது. சென்றும் திருந்தவில்லை நிறுவனம். 'பார்ச்சூன்' இதழ் 2013இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரை இன்னொரு செய்தியையும் சொன்னது. ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் எய்ட்ஸ் மருந்தின் தரத்தைப் பற்றிக் கவலை எழுந்தபோது, சாகப்போவது கறுப்பர்தாமே, யாருக்கென்ன என்ற பொருளில் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் பேசினாராம்! இளைஞர்களே, இந்தக் குரல் நமக்குப் புதிதா? தோலின் நிறம் பார்த்து உயிருக்கு விலை போடும் குரலும், பிறந்த தெருவைப் பார்த்து மனிதனுக்கு மதிப்புப் போடும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து கிளம்புவன அல்லவா? தரம் கெட்ட மருந்து எப்போதும் தட்டிக் கேட்க முடியாதவன் வாயைத் தேடித்தான் போகிறது!

2005இல் தாக்கூர் வேலையை உதறினார். அதே ஆண்டு, புனைபெயருக்குப் பின்னே மறைந்துகொண்டு, அமெரிக்காவின் உணவு மருந்து ஆணையத்துக்கு எழுதினார். 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். முடிவு கிட்டியதோ 2013 மே மாதம்! நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ஏழு பெருங்குற்றங்களை ஒப்புக்கொண்டது. தண்டமும் இழப்பீடுமாக 50 கோடி டாலர் கட்டியது. எட்டு ஆண்டு ஒரு மனிதர் அச்சத்தோடு வாழ்ந்தார், ஆனால் வென்றார்.

எப்படி வென்றார்? அவர் நெஞ்சுரம் பெரிது, ஐயமில்லை. ஆனால் நெஞ்சுரம் மட்டும் வென்றதாக எண்ணிவிடாதீர்கள். அவருக்குப் பின்னே ஒரு சட்டம் நின்றது!

1863 மார்ச் 2. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். படைக்குப் பொருள் தரும் ஒப்பந்தக்காரர்கள் வெடிமருந்திலே மரத்தூளைக் கலந்தார்கள். நோயுற்ற கோவேறு கழுதைகளை விற்றார்கள். ஆபிரகாம் லிங்கன் காலத்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: பொய்க் கணக்குக் காட்டி அரசுப் பணத்தைப் பறித்தவன் மீது, அந்தப் பொய்யை அறிந்த எந்தக் குடிமகனும் அரசின் பெயரால் வழக்குத் தொடுக்கலாம்! 1986இல் அந்தச் சட்டத்தைக் கூர் தீட்டினார்கள். இழப்பைப் போல் மும்மடங்கு வசூலிக்கலாம். வழக்குத் தொடுத்தவருக்கு, மீட்ட தொகையில் பொதுவாக 15 முதல் 30 விழுக்காடு வரை பங்கு. தொடக்கத்தில் வழக்கு முத்திரையிட்டு மறைத்து வைக்கப்படும். அரசு புலனாய்வு செய்யும். பழிவாங்கிப் பணிநீக்கம் செய்தால், மீண்டும் பணியும் இழந்த ஊதியத்தில் இருமடங்கும் உண்டு.

பார்த்தீர்களா? 'யாரிடம்?' என்பதற்கு விடை இருக்கிறது. 'என் பெயர் வெளிவருமே?' என்பதற்கு விடை இருக்கிறது. 'என் குடும்பம் என்னாகும்?' என்பதற்கும் விடை இருக்கிறது! தாக்கூருக்குக் கிடைத்த பங்கு 4 கோடியே 86 லட்சம் டாலர். 2009இல் பைசர் நிறுவனம் 230 கோடி டாலரும், 2012இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனம் 300 கோடி டாலரும் கட்ட நேர்ந்ததும் உள்ளிருந்தோர் வாய் திறந்ததால்தான். 1986க்குப் பின் இந்தச் சட்டத்தால் அமெரிக்க அரசு மீட்ட தொகை 7,500 கோடி டாலருக்கும் மேல்!

அந்தச் சட்டத்தைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. ரான்பாக்சி வழக்கில் நிறுவனம் பணம் கட்டியது. தனி மனிதர் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. கொள்ளையடித்ததில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டுக் கோட்டுப் பையைத் தட்டிக்கொண்டு நடக்கும் குறை அங்கே உண்டு. ஆனால் குறையுள்ள விளக்கு வேறு; விளக்கே இல்லாத வீடு வேறு!

நம் வீட்டைப் பார்ப்போம். குற்றம் நடந்த இடம் எது? மத்தியப் பிரதேசத்துத் தேவாஸ். இமாச்சலப் பிரதேசத்துப் பவோன்டா சாகிப். குற்றத்துக்குத் தீர்ப்பு எழுதிய இடம் எது? கடல் கடந்த மேரிலாந்து! இந்திய மண்ணில் செய்த பிழைக்கு இந்திய நீதிமன்றம் எதுவும் அந்நிறுவனத்தைத் தண்டிக்கவில்லை. 2016இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டின் ஓட்டைகளை அடைக்கக் கோரித் தாக்கூர் உச்ச நீதிமன்றத்தை நாடினார், மனு ஏற்கப்படவில்லை. அமெரிக்க நோயாளியின் உயிர் உயிர். இந்திய நோயாளியின் உயிர் உமியா?

சட்டமே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, உறங்குகிறது! முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அது நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்க வேண்டும். பத்தாண்டு கடந்தும் அறிவிக்கவில்லை! தொட்டில் கட்டினார்கள், பெயர் சூட்டினார்கள், குழந்தையை மட்டும் கண்ணில் காட்டவில்லை! காட்டினாலும் என் நண்பனுக்குப் பயனில்லை. அந்தச் சட்டம் அரசு ஊழியரின் ஊழலைப் பற்றியது. தனியார் மருத்துவமனையும் தனியார் மருந்துச் சாலையும் அதன் கண்ணுக்குத் தெரியா.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் புகார் கேட்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. கேட்பவர் யார்? அதே நிறுவனத்து இயக்குநர் குழுவின் தணிக்கைக் கிளை! ஓநாய் கடித்தது என்று ஆட்டுக்குட்டி ஓநாய்க் குடும்பத்திலேயே மனுக் கொடுக்க வேண்டுமாம்!

இன்னும் ஒன்று கேளுங்கள். உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்கும் மோசடியைத் துப்புக் கொடுப்போருக்குச் செபி 2019இல் வெகுமதி அறிவித்தது. உச்சவரம்பு முதலில் 1 கோடி ரூபாய். 2021இல் 10 கோடி! நல்லது, வரவேற்போம். ஆனால் கேட்கிறோம்: பங்குப் பத்திரத்திலே நடக்கும் பித்தலாட்டத்தைச் சொன்னால் பத்துக் கோடி, பச்சிளங்குழந்தையின் மருந்திலே நடக்கும் பித்தலாட்டத்தைச் சொன்னால் பணிநீக்க ஓலையா? பணக்காரன் பணத்துக்கு உள்ள காவல் ஏழையின் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏன் இல்லை?

இதற்கிடையே 2023இல் 'ஜன் விசுவாஸ்' சட்டம் வந்தது. போலி மருந்துக்கும் உயிர் குடித்த மருந்துக்கும் உரிய கடுந்தண்டனை இருக்கவே இருக்கிறது. ஆனால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவில், தரங்குறைந்த மருந்து போன்றவற்றுக்குரிய வகைக் குற்றங்களைப் பணம் கட்டி முடித்துக்கொள்ள வழி திறக்கப்பட்டது. காவலனுக்கு உறக்கம், கள்வனுக்குக் கட்டணச் சீட்டு!

சத்தியேந்திர துபே என்ற இளம் பொறியாளரை மறந்துவிட்டோமா? தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை மறைத்து வையுங்கள் என்று வேண்டினார். மடல் மேசைக்கு மேசை பயணம் போனது, பெயரோடு! 2003 நவம்பர் 27 அன்று கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர் செயல் என்று வழக்கு முடிந்தது. இருக்கட்டும், அவர் கேட்ட ஒரே காப்பு, பெயரை மறைக்கும் காப்பு, அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை யார் மறுப்பர்? இரண்டே ஆண்டு கழித்து, 2005 நவம்பரில், கலப்பட எரிபொருள் விற்ற நிலையத்தை மூடச் செய்த எண்ணெய் நிறுவன அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் உத்தரப் பிரதேசத்திலே கொலையுண்டார். வயது இருபத்தேழு! வீரர் என்று படம் திறந்தோம். மாலையிட்டோம். பிறகு மறந்தோம். வீரரைப் போற்றுவது எளிது. வீரர் சாகாமல் காக்கும் சட்டம் செய்வதுதான் அரிது!

மறுப்புரைப்போர் வருவர். 'வெகுமதி கொடுத்தால் பேராசைக்காரர் பொய்ப் புகார் தருவர்' என்பர். பொய்யென்று மெய்ப்பித்தால் தள்ளுபடி; வெகுமதி இல்லை; வேண்டுமென்றே புனைந்தவனுக்குத் தண்டனையும் வையுங்கள். மெய்யான புகாருக்கு மட்டும் ஏன் பூட்டு? 'பணத்துக்காகப் பேசுபவன் உத்தமனா?' என்பர். பணத்துக்காக நஞ்சு விற்பவனைப் பற்றி அவர்கள் என்றாவது இப்படிக் கேட்டதுண்டா? வேலை இழந்து, வேறிடத்தில் வேலை கிடைக்காமல், எட்டு ஆண்டு வழக்காடுபவனுக்குக் கிடைப்பது பரிசன்று. பறிகொடுத்த வாழ்வுக்கு ஈடு. 'நாட்டின் பெயர் கெடுமே' என்பர் மூன்றாவதாக. உண்மையைச் சொன்னதால் கெடவில்லை பெயர். பொய்யைச் செய்ததால் கெட்டது. புண்ணைக் காட்டிய கண்ணாடியை உடைத்தால் புண் ஆறுமா?

ஆறாது, சீழ் பிடிக்கும். 2025ஆம் ஆண்டில் அதைக் கண்டோம். மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில், இருமலுக்குக் கொடுத்த மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள்! மருந்து எங்கே செய்தது? நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலே! தமிழ்நாட்டு அரசின் ஆய்வுக்கூடம் சோதித்தபோது, 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது! யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது வேறு. அந்தச் சாலையிலே பீப்பாயைத் திறந்தவர், கலவையைக் கிளறியவர், புட்டியிலே ஊற்றியவர், ஏட்டிலே எழுதியவர் இருந்திருப்பார்களே! அவர்களுள் ஒருவருக்கேனும் ஐயம் எழுந்திருந்தால், அவர் போய் நிற்க ஒரு வாசல் இருந்ததா? 'யாரிடம்?' என்ற வினாவுக்கு இந்த நாடு அவருக்கு என்ன விடை வைத்திருந்தது?

சிலப்பதிகாரம் நாம் போற்றும் காப்பியம். ஒற்றைச் சிலம்பை ஏந்தி மன்னன் அவைக்குச் சென்றாள் கண்ணகி. உடைத்தாள், தெறித்தது மாணிக்கம், அரசியின் சிலம்பிலோ முத்து! வென்றது நீதி. ஆனால் கோவலன்? வெட்டுண்டு கிடந்தான். நீதி வந்தது, உயிர் போன பின்! இலக்கிய மேடைகளிலே அந்த வெற்றியைப் பாராட்டுகிறோம். நான் வேறொருவனைத் தேடுகிறேன். அந்தப் பொற்கொல்லனின் பட்டறையிலே கையாள் ஒருவன் இருந்திருந்தால், 'அரசியின் சிலம்பு இங்கே இருக்கிறது. வந்தவன் கள்வன் அல்லன்' என்று அவன் கொலைக்கு முன்பே கூறியிருந்தால், மதுரை எரிந்திருக்குமா? மணவாளனை இழந்த பின் வாதாடும் கண்ணகிகளை இந்நாடு ஏராளமாகப் பெற்றுவிட்டது. கொலைக்கு முன் வாய் திறக்கும் பட்டறைக் கையாளுக்குக் காப்பு வேண்டும்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. உறங்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுப்புக! அதைத் தனியார் நிறுவனங்களுக்கும் விரித்திடுக! புகார் கேட்கும் அமைப்பு, புகாருக்கு உள்ளாகும் நிறுவனத்துக்கும் அமைச்சருக்கும் அப்பாற்பட்டதாக இருக்கட்டும். பெயரைக் கசியவிட்டவனுக்குத் தண்டனை உண்டு என்று எழுதுக! பணிநீக்கம் செய்தால் மீண்டும் பணி. மீட்ட பணத்திலே பங்கு. பொதுப்பணத்தைப் பறித்தவன் மீது குடிமகனே வழக்காடும் உரிமை. இவை விண்ணிலிருந்து பறித்துவரும் கனிகள் அல்ல. வேறு நாட்டிலே காய்த்துப் பழுத்தவை.

இளைஞர்களே! மன்றங்களிலே கூடுகிறீர்கள்; படிப்பகங்களிலே பயில்கிறீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் ஒரு வினாத் தொடுங்கள்: பத்தாண்டுக்கும் மேலாக ஏன் உறங்குகிறது அந்தச் சட்டம்? விடை வரும்வரை கேளுங்கள். வீட்டிலே அன்னையிடமும் பேசுங்கள். உப்பு யாருடையது என்று எடுத்துச் சொல்லுங்கள். சட்டம் மாறுவதற்கு முன் சொல் மாறட்டும். காட்டிக் கொடுத்தவன் என்னும் சொல், காத்து நின்றவன் என்று மாறட்டும்!

என் நண்பன்? இன்றும் அதே மேசையில் அமர்ந்திருக்கிறான். இன்னும் வாய் திறக்கவில்லை. அவனைக் கோழை என்று கூற எனக்கு நா எழவில்லை. சென்ற வாரம் சந்தித்தபோது, "விடை கிடைத்ததா?" என்று கேட்டான். "கிடைத்தது, ஆனால் இந்த நாட்டில் இல்லை" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, ஒவ்வொரு நாளும் மெய்யாக நடந்தது என்ன என்பதைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவதாகச் சொன்னான்.

அந்தக் குறிப்பேட்டைத் திறந்து வைக்க ஓர் இடம் வேண்டும், தோழர்களே! அந்த இடத்தை உண்டாக்குவது அவன் பொறுப்பன்று, நம் பொறுப்பு.